அனுப்பாத எக்ஸ்ரே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு செல்போன் அடித்தது. நாற்பது வயதைத் தாண்டியவனுக்கு அந்த நேரத்தில் போன் வந்தால் அடிவயிறு கலங்கும். ஊரில் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி எடுத்தேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்திலிருந்து நண்பன். பி.காம். படித்த மூன்று வருடமும் எனக்குப் பக்கத்து இருக்கை. இன்று அங்கே ஆடிட்டர்.

''மல்லிக்கு எக்ஸ்ரே எடுத்தோம்டா'' என்றான்.

மல்லி அவன் வீட்டு லாப்ரடார். இரண்டு வயது முடிந்த பெண் நாய்.

''என்ன ஆச்சு? அடிபட்டுருச்சா?''

''அடியெல்லாம் இல்லை. நல்லா ஓடுறா, குதிக்கிறா, சோபாவைக் கிழிக்கிறா. ஒரே ஒரு தடவை குட்டி போட விடலாம்னு ஆசை. அதுக்கு முன்னாடி இங்கே இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க.''

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மூரில் மாப்பிள்ளைக்கே யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லையே! அவன் சிரிக்கவில்லை.

''டாக்டர் படத்தைப் பார்த்துட்டு, 'இது தேறும்னு எனக்குத் தோணலை. சர்டிபிகேட்டுக்கு அனுப்பி எதுக்கு ஃபீஸை வீணாக்குறீங்க?'ன்னு கேட்டார். அனுப்பவா, விட்டுடவா? ரெண்டு நாளா தூக்கம் இல்லைடா.''

ஒரு நாயின் இடுப்புக்காக ஒருவன் தூக்கம் கெடுவானா என்றுதான் முதலில் நினைத்தேன். அரை மணி நேரம் பேசிய பிறகு புரிந்தது. அவன் கேட்டது கால்நடை மருத்துவக் கேள்வியே இல்லை. நியாய தர்மம் சம்பந்தப்பட்ட கேள்வி. போனை வைத்த பிறகு எனக்கும் தூக்கம் வரவில்லை.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

நாயின் தொடை எலும்பின் உச்சி ஒரு பந்து. இடுப்பெலும்பில் அந்தப் பந்து உட்கார ஒரு கிண்ணம். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தினால் நாய் ஓடும். சில நாய்களுக்குக் குட்டியாக இருக்கும்போதே மூட்டு தளர்ந்துபோகிறது. பந்து கிண்ணத்தில் சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டே இருக்கும். நாளாக ஆக எலும்பு தேய்ந்து, மூட்டுவாதம் வந்து, படியேற முடியாமல், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போகும். ஹிப் டிஸ்ப்ளேசியா என்று பெயர். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் மாதிரி பெரிய நாய்களை வளர்ப்பவர்கள் பயப்படுகிற பெயர். இது பரம்பரையாக வருகிற கோளாறு. ஒரே ஒரு மரபணு செய்கிற வேலையும் இல்லை, பல மரபணுக்கள் கூட்டுச் சேர்ந்து செய்கிற வேலை.

அமெரிக்காவில் ஜான் ஓலின் என்று ஒரு பெரும் தொழிலதிபர் இருந்தார். துப்பாக்கி, தோட்டா வியாபாரம். வேட்டை நாய்கள் என்றால் உயிர். தன் பெயரை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டு 'நைலோ' என்று நாய்ப் பண்ணைக்குப் பெயர் வைத்தவர். அவருடைய லாப்ரடார் 'கிங் பக்' 1959-ல் அமெரிக்க அரசின் வாத்து வேட்டை ஸ்டாம்ப்பிலேயே இடம்பிடித்தது. அப்பேர்ப்பட்டவரின் பண்ணையிலும் இந்தக் கோளாறு நுழைந்தது. பணத்தைக் கொட்டினாலும் தேய்ந்த மூட்டு திரும்ப வருமா? வருவதற்கு முன்னால் தடுக்க வழி உண்டா என்று யோசித்தார். 1966-ல் ஓ.எஃப்.ஏ. என்கிற அமைப்பு பிறந்தது. மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா என்கிற ஊரில் இருக்கிறது. நண்பன் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்.

வேலை இதுதான். நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டி, முட்டியை லேசாக உள்பக்கம் திருப்பி, இடுப்பு ஒரு பக்கமும் சாயாமல் படம் எடுக்க வேண்டும். சாய்ந்தால் நல்ல மூட்டு கெட்டதாகத் தெரியும். அந்தப் படத்தை மூன்று எக்ஸ்ரே நிபுணர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். எக்ஸலன்ட், குட், ஃபேர் மூன்றும் பாஸ். நடுவில் பார்டர்லைன் என்று ஒன்று. அதற்குக் கீழே மைல்டு, மாடரேட், சிவியர் மூன்றும் ஃபெயில். நாய்க்கு 24 மாதம் முடிந்திருந்தால்தான் நிரந்தர சர்டிபிகேட். அதில் ஒரு நீளமான நம்பர் இருக்கும். என்ன இனம், எந்த கிரேடு, எத்தனை மாதத்தில் எடுத்தது, ஆணா பெண்ணா, எல்லாம் அந்த ஒரு நம்பரிலேயே அடக்கம். கணக்குப்பிள்ளை புத்திக்கு ரொம்பப் பிடித்துப்போகிற ஏற்பாடு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனை மல்லிக்காக எடுப்பதில்லை. படத்தில் ஃபெயிலான நாய் வருடக்கணக்கில் சந்தோஷமாக ஓடலாம். நொண்டாமலே கிழடாகலாம். சோதனை, இன்னும் பிறக்காத குட்டிகளுக்காக. தேர்வு எழுதுவது அம்மா, ரிசல்ட் பிள்ளைகளுக்கு.

சரி, நண்பனின் சங்கடத்துக்கு வருவோம்.

குட்டி வேண்டாம் என்று அவன் உடனே முடிவு செய்துவிட்டான். அதில் குழப்பமே இல்லை. அப்படியானால் படத்தை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டால் தீர்ந்ததல்லவா? எதற்குக் காசு கட்டி, ஃபெயில் என்று எழுதி வாங்க வேண்டும்?

டாக்டர் சொன்னதில் தப்பு இல்லை. அங்கே பல பேர் செய்வதும் அதுதான். அனுப்புவது கட்டாயம் கிடையாது. அனுப்பினாலும் பாஸான ரிசல்ட்தான் எல்லோரும் பார்க்கிற பதிவேட்டில் தானாக ஏறும். ஃபெயிலான ரிசல்ட் வெளியே தெரிய வேண்டுமானால், அதற்குச் சம்மதம் என்று சொந்தக்காரர் படிவத்தில் தனியாக இனிஷியல் போட வேண்டும். போடாவிட்டால் ரகசியம்.

ஆக, ஒரு சல்லடைக்கு அப்புறம் இன்னொரு சல்லடை. கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் நாய்களை வைத்து 2005-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நன்றாக இருக்கிற இடுப்பின் படம் ஓ.எஃப்.ஏ.வுக்கு அனுப்பப்படுகிற வாய்ப்பு, கோளாறான இடுப்பின் படத்தைவிட 8.2 மடங்கு அதிகம் என்றது. யாரும் பொய் சொல்லவில்லை. படத்தைத் திருத்தவில்லை, நிபுணருக்கு லஞ்சம் கொடுக்கவில்லை. பதிவேட்டில் இருக்கிற ஒவ்வொரு சர்டிபிகேட்டும் சத்தியம். ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் வருகிற தொகை பொய்!

''நம்ம ஆடிட்டிங் வாத்தியார் சொல்வாரே, ஞாபகம் இருக்கா? 'கம்பெனிக்காரன் எடுத்து நீட்டுற வவுச்சரைப் பார்க்காதே, நீயா ஒண்ணை உருவிப் பாரு'ன்னு'' என்றான் நண்பன்.

வாத்தியாரை விட எனக்கு ஞாபகம் வந்தது ஒரு குதிரை. பி.காம். படித்தவர்கள் யாரும் அந்தக் குதிரையை மறந்திருக்க மாட்டார்கள். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. மோசடி என்றால் என்ன என்று சொல்கிற இடம். ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்குக் கோளாறு உண்டு என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். சும்மா இருந்ததற்காக ஒருவனைப் பிடித்து மோசடிக்காரன் என்று சொல்ல முடியாது.

இந்தக் குதிரையின் தயவில் நானும் ஒரு காலத்தில் யோக்கியனாக இருந்திருக்கிறேன். என் பழைய ஸ்கூட்டரை விற்றபோது, மழை பெய்தால் பிரேக் சரியாகப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். வாங்க வந்தவர் ஹாரனை அடித்துப் பார்த்தார், லைட்டைப் போட்டுப் பார்த்தார். மழையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன். அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் அடைமழை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று அவர் முகம் ஞாபகம் வந்தது. சட்டப்படி எனக்கு ஒன்றும் இல்லை. அன்று சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

ஆனால் சட்டம் குதிரைக் கதையை அதோடு முடிக்கவில்லை. பரீட்சைக்குப் படித்தபோது அவசரத்தில் தாண்டிப்போன இரண்டு கிளைக் கதைகள் உண்டு. முதலாவதில், குதிரையை வாங்குகிறவள் விற்கிறவனின் சொந்த மகள். அப்போதுதான் மேஜர் ஆனவள். அங்கே சும்மா இருக்கக் கூடாது. உண்மையைச் சொல்வது தகப்பனின் கடமை. இரண்டாவதில், வாங்குகிறவன் விற்கிறவனைப் பார்த்து, 'நீ மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன்' என்கிறான். அப்படிச் சொன்ன பிறகு மௌனமும் பேச்சுதான்.

மல்லியின் கதை இந்த இரண்டிலும் மாட்டிக்கொள்கிறது.

மல்லியை நண்பனுக்கு விற்றவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள். கணவர் இல்லை. சின்னப் பண்ணை வீடு, நான்கைந்து நாய்கள். குட்டிகளைப் பெற்ற பிள்ளைகள் மாதிரி வளர்ப்பவர். மல்லியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் போன் செய்து நண்பனின் மகளோடு பேசுவார். மல்லியின் அம்மாவுக்கு 'குட்' கிரேடு, அப்பாவுக்கு 'எக்ஸலன்ட்'. இரண்டு சர்டிபிகேட்டையும் ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அவர் பக்கம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்படியும் மல்லிக்கு இப்படி. அதே ஜோடியை மறுபடி சேர்க்கப்போவதாக அந்த அம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் விஷயமே!

ஓ.எஃப்.ஏ. பதிவேட்டில் ஒரு நாயின் பக்கத்தைத் திறந்தால் பெற்றோர், உடன்பிறப்பு, குட்டிகள் என்று பதிவான உறவுகளின் ரிசல்ட்டும் வரும். மிசௌரியில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு குடும்பம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கும். அப்பா எக்ஸலன்ட், அம்மா குட், பதிவான குட்டிகளும் பாஸ். 'தப்பாக ஒன்றும் இல்லை' என்று முன்பணம் அனுப்பும். அந்தக் குடும்பம் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் சொல்வது இதுதான்: நீங்கள் யாரும் மறுத்துச் சொல்லவில்லை, அதனால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். நண்பனின் இழுப்பறையில் பூட்டிய படம் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். தப்பான பதில்.

இழுப்பறைக்கு ஆதரவாகவும் நியாயம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா ரிசல்ட்டையும் வெளியிட்டே தீருவோம் என்று கட்டாயப்படுத்தினால், பயந்துபோய் படமே எடுக்காமல் விட்டுவிடுவார்கள். தானாக முன்வந்து பரீட்சை எழுதுகிறவனை ஊர் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்துவதா? ஃபெயில் என்றால் அந்தப் பண்ணையே மோசம் என்று முத்திரை குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, எல்லாப் பழியையும் பரம்பரை மேல் போட்டுவிடவும் முடியாது. 48 லாப்ரடார்களை வைத்து ஆயுள் முழுக்க நடத்திய ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. கூடப் பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவிகிதம் குறைவாகச் சாப்பாடு போட்டார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு இடுப்பு மூட்டுவாதம் குறைவு, ஆயுளும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதிகம். மல்லிக்கு நண்பனின் மனைவி தட்டு தட்டாக வைக்கிற நெய்ச்சோற்றுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். அந்த அம்மாளை மட்டும் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

எல்லாம் சரி. ஆனால் யோசிக்க யோசிக்க, இந்த வாதங்களே இழுப்பறைக்கு எதிராகத் திரும்புகின்றன. பல மரபணு, சாப்பாடு, எடை எல்லாம் கலந்து வருகிற கோளாறு என்றால், ஒரு நாயின் படத்தை மட்டும் வைத்து அது அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. அம்மா அப்பா பாஸ், பிள்ளை ஃபெயில் என்பதற்கு மல்லியே சாட்சி. அதனால்தான் ஒரு நாயை எடைபோட அதன் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோருடைய படமும் வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் மல்லியின் படம் மல்லியின் சொந்த ரகசியம் இல்லை. அது அவள் அம்மாவைப் பற்றிய தகவல். பார்த்தே இராத அவள் தம்பி தங்கைகளைப் பற்றிய தகவல். ஃப்ரேமில் மாட்டிய இரண்டு சர்டிபிகேட்டுகளைவிட அந்த அம்மாளுக்குத் தேவையான தகவலும் அதுதான்.

மறைக்க எந்த லாபமும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கிக் கொடுக்கிற 'சீயிங் ஐ' அமைப்பு. 1929-ல் ஆரம்பித்தது, நியூஜெர்சியில் இருக்கிறது. நாய்களை இனவிருத்தி செய்வதும் அவர்களே, பழக்குவதும் அவர்களே. இடுப்பு கெட்டுப்போய் நாய் பாதியில் உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அதைவிட, நாயின் பிடியை நம்பி ரோடு கடக்கிற ஒரு மனிதருக்கு. படத்தை யாரிடமிருந்து மறைப்பார்கள்? கோளாறு குறைந்த குடும்பங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில், ஐந்து தலைமுறைக்குள் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் கோளாறு 55 சதவிகிதத்திலிருந்து 24-க்கு இறங்கியது. லாப்ரடார்களில் 30 சதவிகிதம் 10 ஆனது. 1997-ல் வெளியான கணக்கு. அதே எக்ஸ்ரே மெஷின்தான், அதே இடுப்புதான். இழுப்பறை மட்டும் இல்லை.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்று நம்மூரில் சொல்வார்கள். பொய்கூட வேண்டாம், நல்லதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் போதும், கல்யாணம் நடந்துவிடும். இருந்தாலும் மனுஷ ஜென்மத்துக்கு ஒரு தப்பிக்கும் வழி உண்டு. பெண்ணும் பையனும் பேசிப் பார்க்கலாம், தோண்டித் துருவி விசாரிக்கலாம், 'என்ன ஆனாலும் சரி, இவன்தான் வேண்டும்' என்று தெரிந்தே முடிவெடுக்கலாம். மல்லிக்கு அந்த உரிமை கிடையாது. யாரோடு சேரணும், எப்போது சேரணும், எத்தனை தடவை என்று எல்லாவற்றையும் நாம் முடிவு செய்கிறோம். முடிவு முழுக்க நம்முடையது என்றால் பொறுப்பும் முழுக்க நம்முடையதுதான். சட்டம் சொன்ன மகளாவது மேஜர் ஆனவள். நாய்க்குட்டி என்றைக்கும் மேஜர் ஆகப்போவதில்லை.

இதையெல்லாம் நண்பனிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ''ஸ்கூட்டர் வித்தவன் பேசுறான்'' என்றிருப்பான். அவனுக்கு அந்தக் கதை தெரியும்.

போன வாரம் மறுபடி போன் வந்தது. அனுப்பிவிட்டான். படிவத்தில் இனிஷியல் போடுவதற்கு முன்னால் அந்த அம்மாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். நேரில் முதுகில் குத்தினது மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ''அவள் நன்றாகத்தானே ஓடுகிறாள்? பிறகு எதற்கு?'' என்று மட்டும் கேட்டாராம். ரிசல்ட் வந்தது. 'மைல்டு.' இன்றைக்கு மல்லியின் பெயருக்கு நேராக, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி அது இருக்கிறது. அவள் அம்மாவின் பக்கத்திலும்.

''அப்புறம்? அந்தம்மா அதே ஜோடியைச் சேர்த்தாங்களா?''

''தெரியலைடா. கேட்க தைரியம் வரலை.'' கொஞ்சம் நிறுத்தினான். ''வியாழக்கிழமை மல்லிக்கு பர்த்டே. எம் பொண்ணு ராத்திரி வரைக்கும் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. வரலை.''

என்ன சொல்வது என்று தெரியவில்லை. சரியாகச் செய்தவனுக்கு ஏதாவது பரிசு கிடைத்தது என்று முடித்தால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். அவனுக்குக் கிடைத்தது, வராமல் போன ஒரு போன்தான். லாபம் யாருக்கு என்றால், மிசௌரியில் முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்கு. பிறக்காமலே போகப்போகிற நாலைந்து குட்டிகளுக்கு. இரண்டு தரப்பும் அவனுக்கு நன்றி சொல்ல வழியே இல்லை.

''மல்லி எப்படி இருக்கா?'' என்றேன்.

''அவளுக்கென்ன? நெய்ச்சோறு கட். எடை குறைக்கணுமாம். என்னைப் பார்த்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறா.''

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் வாங்கியவரின் நம்பரை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.